ஆனைப்பாறைத் தொட்டியில் பிடித்த ஊசித்தும்பி

மலை வளாகத்தின் பூச்சிக்கூடத்துக்கு டாக்டர் கதிரவேலின் பெயரை வைக்கப் போகிறார்களாம். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை எனக்கு எழுதியிருந்தாள். "அவரோடு வேலை செய்தவர்களில் நீங்கள்தான் மிச்சம், மிஸ். விழா மலருக்கு இரண்டு பக்கம், இனிமையான நினைவாக எழுதித் தாருங்கள்" என்று.

இனிமையாக எழுத எனக்கு வராது. இரண்டு பக்கத்திலும் அடங்காது. அந்தப் பிள்ளை நல்லவள், என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்துகொள்ளட்டும். மலரில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

நான் ஹட்டன் பஜார்க்காரி. அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பித்தளையோடு பீங்கானும் கண்ணாடியும் விற்றோம். வைக்கோல் வைத்துக் கண்ணாடிச் சாமான் கட்டுவதும், சிங்களத்தில் பேரம் பேசுவதும் கடையில் படித்தவை. எஸ்.எஸ்.சி.யில் விஞ்ஞானம் எடுத்துத் தேறியிருந்தேன். பல்கலைக்கழகம் மலைப்பக்கம் ஒரு சின்ன வளாகம் திறக்கிறது, ஆய்வுகூட உதவியாளர் வேண்டும் என்று பேப்பரில் பார்த்து எழுதிப் போட்டேன். வீட்டில் சண்டை. பிறகு அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்த காலம் அது. இந்திய வம்சாவளித் தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் அதே வயசுதான்.

வளாகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போகிற ரோட்டில், ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா. அதைச் சுற்றிக் கொஞ்சம் காடு, ஒரு குளம், சேற்றுநிலம், ஓர் ஓடை. நிலம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம், பல்கலைக்கழகம் குத்தகைக்கு எடுத்திருந்தது. லீவு காலத்தில் விலங்கியல் மாணவர்கள் வந்து தங்கி, அந்தக் குளத்திலும் ஓடையிலும் இருக்கிற தும்பிகளை இனம் பிரித்துப் படிப்பார்கள். வளாகத்துக்குள் எத்தனை வகை தும்பி, எத்தனை வகை ஊசித்தும்பி என்று முழுசாகக் கணக்கெடுத்து முடிப்பதுதான் டாக்டர் கதிரவேலின் இலட்சியம். மாணவர்களின் வலை, போத்தல், காகிதம், பூச்சியைப் பெரிதாக்கிப் பார்க்கிற நுணுக்குக்காட்டி எல்லாம் என் பொறுப்பு.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை சுருக்கம். முதல் வருஷம் போத்தல் கழுவினேன். இரண்டாம் வருஷம் வலை தைத்தேன். மூன்றாம் வருஷம் நுணுக்குக்காட்டியைத் தொட விட்டார்கள்.

எங்கள் ஊரில் எல்லாமே தட்டான்தான். வளாகத்தில் அப்படிச் சொன்னால் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உட்காரும்போது இறக்கையை விரித்தபடி வைத்திருந்தால் தும்பி. முதுகின் மேல் சேர்த்து மடித்தால் பெரும்பாலும் ஊசித்தும்பி. அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை அவர் விடவே விடமாட்டார், மடிக்காமல் உட்காருகிற ஊசித்தும்பியும் உண்டு என்பதால். ஆகவே அடுத்து கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் தலையின் இரண்டு கோடியிலும் தள்ளி நிற்கிறதா? பிறகு இறக்கை. முன்னதும் பின்னதும் ஒரே அச்சா, பின்னது அடியில் அகன்றிருக்கிறதா? பிறகு இறக்கையின் நரம்புகள். கடைசியாக ஆணின் வால் நுனி. பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு அங்கே இடுக்கி மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கும். அந்த இடுக்கியின் வளைவு இனத்துக்கு இனம் வேறு. சில ஊசித்தும்பிகளை அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். பெண் மட்டும் கையில் இருந்தால் பெயர் சொல்லக் கூடாது.

பிடிக்கிற முறையும் அப்படித்தான். முன்னால் வலை வீசினால் தும்பி பார்த்துவிடும், பின்னாலிருந்து வீசி, வலையின் வாயை உடனே மடக்க வேண்டும். விஷப் போத்தல் என் கையால் செய்வது. அடியில் சயனைட்டு, அதன் மேல் பாரிஸ் சாந்து ஊற்றி இறுக விட்டு, இறுக்கமான தக்கை. பூச்சி உள்ளே போனதும் சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு இறக்கையை மடித்து முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைத்து, இடமும் பிடித்தவர் பெயரும் எழுத வேண்டும். போத்தல்களை நான்தான் அலுமாரியில் பூட்டி வைத்து, காலையில் எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்குவேன். தக்கையைத் திறந்து மூக்கை வைக்காதே என்று ஒவ்வொருவருக்கும் தினமும் சொல்வேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பென்சிலை அவரே பிளேடால் சீவுவார், சீவிய தூளை ஒரு தாளில் மடித்துக் கூடையில் போடுவார். ஒருநாள் ஒரு மாணவன், "இது பெண்தான் சார், நிச்சயம்" என்றான்.

"எதைப் பார்த்தனீர்?"

"கலர் சார்."

"கலரைச் சேலைக்கடையில போய்ப் பாரும். இஞ்ச நரம்பைப் பாரும். பாக்காததை நிச்சயம் எண்டு சொல்ல வேண்டாம். பாத்ததை ஒருவேளை எண்டும் சொல்ல வேண்டாம்."

இதை நான் அவரிடமிருந்துதான் படித்தேன். நன்றி உண்டு. அந்த நன்றி இருப்பதால்தான் இவ்வளவு கோபமும் என்று நினைக்கிறேன்.

இது நடந்த வருஷம் வந்த மாணவர்களில் நால்வர் கொஞ்சம் தேறியவர்கள். அதில் ஒருவர் செல்லமுத்து. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் அப்போது. இன்னொருவர் நிமால், கண்டியில் பிரபல லோயரின் மகன், சிங்களப் பையன். மற்ற இருவரில் ஒருவரின் அப்பா டாக்டர், இன்னொருவரின் அப்பா கொழும்பில் ஹெட்மாஸ்டர்.

எங்கள் ஓடையின் இருட்டான மூலையில் ஒரு ஊசித்தும்பி இருந்தது. கறுப்பு, வாலில் மட்டும் ஒரு நீலக் கீற்று. எத்தனை தடவை வலை வீசினாலும் பெண்தான் கிடைத்தது. ஆண் இல்லாமல் பெயர் சொல்ல முடியாது, பெயர் இல்லாமல் கணக்கு முடியாது. டாக்டருக்கு அது பெரிய மனக்குறை. ஓடை எங்கள் எல்லைக்கு மேலே, ஆனைப்பாறைத் தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து வருகிறது. துரை பங்களாக்களுக்குத் தண்ணீர் போகிற தொட்டி. அங்கே தான் ஒரு ஆணைக் கண்டதாக டாக்டர் ஒரு மாலை சொன்னார்.

மறுநாள் காலையில் நான் வராந்தாவில் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

"செல்லமுத்து, உமக்குக் கைப்பக்குவம் இருக்கு. மேல தொட்டியடிக்குப் போய் ஆண் ஒண்டு கொண்டு வாரும். மற்ற மூண்டு பேரும் கூடப் போங்கோ."

"தோட்டத்து எல்லைக்குள்ள இருக்கே சார். இப்ப அங்க ஸ்ட்ரைக் வேற நடக்குது" என்றார் செல்லமுத்து.

"நான் துரையிட்டைப் பிறகு சொல்லுறன். நீர் போம்."

நான் அவர்களுக்கு நடுவில்தான் நின்றேன். இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்று பின்னால் தெரியும்.

மத்தியானத்துக்குள் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நிமாலுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. வலையை வராந்தாவில் எறிந்துவிட்டு, சிங்களமும் இங்கிலீசுமாகக் கொட்டினார்.

செல்லமுத்து ஒரு பூச்சியைப் பிடித்துப் போத்தலில் போட்ட கையோடு, தொட்டியடியில் அவர்களைத் தோட்டத்துக் காவல்காரர்கள் வளைத்துக்கொண்டு, பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரையிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவர். ஸ்ட்ரைக் நடக்கிற தோட்டத்தில் பயந்துபோய் இருந்தவர். பல்கலைக்கழக மாணவர்கள் என்றதும் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாராம். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற கண்டாக்கு ஐயா, வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்.

"உங்க அப்பா என்ன செய்றாரு?"

டாக்டர். ஹெட்மாஸ்டர். லோயர். செல்லமுத்துவின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்று சொன்னாராம். "அப்பா இல்லீங்க. அம்மா கொழுந்து எடுக்குறாங்க. உடப்புசல்லாவைப் பக்கம்."

கண்டாக்கு சின்னதுரையின் காதில் ஏதோ சொன்னார். பிறகு செல்லமுத்துவின் பையை மட்டும் திறந்தார்கள். போத்தல் வெளியே வந்தது. அதே மாதிரிப் போத்தல் மற்ற மூன்று பையிலும் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. நிமால் தன் போத்தலைத் தானே எடுத்து மேசை மேல் வைத்து, "இதோ, என்னிடமும் இருக்கிறது, என்னையும் பிடி" என்று கத்தினாராம். சின்னதுரை அதை அவர் பையிலேயே திரும்பப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார். செல்லமுத்துவைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். துரைமார் குடிக்கிற தொட்டியில் விஷம் கலக்க வந்தவன் என்று.

 நான் செய்த போத்தல் அது.

நிமாலைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் சிங்களவர், வயசானவர். நான் சிங்களத்தில் முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நோனா, எனக்குப் புரியுது. தொட்டியில விஷம் கலக்குறவன் வலையோட வரமாட்டான். ஆனா துரை எழுதிக் கொடுத்துட்டாரு. உங்க பெரியவர் வந்து, இது எங்க போத்தல், நாங்கதான் அங்க அனுப்பினோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே வீட்டுக்கு அனுப்புறேன்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார். அடைப்புக்குள் செல்லமுத்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க மிஸ். சார் வந்துடுவாருல்ல?"

"இப்பக் கூட்டிட்டு வர்றேன் தம்பி" என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

டாக்டர் தன் அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பிளேடு நிற்கவில்லை.

"நான் ஓடைக்கரை எண்டுதான் சொன்னனான்" என்றார்.

"தொட்டின்னு சொன்னீங்க சார். நான் பக்கத்துல நின்னேனே."

"கோமதி, இந்த நிலம் யாற்றை எண்டு உமக்குத் தெரியுந்தானே? குத்தகை இந்த வருஷம் முடியுது. பெரியதுரை கையெழுத்து வைக்காட்டி இந்த வளாகமே இல்லை. அவருக்குச் சொல்லாமல் நான் ஆக்களை அனுப்பினன் எண்டு பொலிசில எழுதிக் குடுக்கச் சொல்லுறீரோ?"

"அதுக்காக அந்தப் பையன் உள்ள கெடக்கணுமா?"

"பல்கலைக்கழகம் ஒரு பொடியனை விடப் பெரிசு."

"அந்தப் பொடியன அனுப்பினது நீங்க சார்!"

அவர் சீவிய தூளைத் தாளில் மடித்தார். "தோட்டத்துப் பிள்ளையள் ஸ்ட்ரைக்கில சேருறது புதிசோ? அவர் மனசில என்ன நினைச்சுக்கொண்டு போனாரோ, எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அறையை விட்டு வெளியே வந்தேன்.  இறக்கையில் நரம்பு எண்ணாமல் ஒரு பூச்சிக்குப் பெயர் வைக்க விடாத மனிதர், தன்னிடம் படிக்கிற பிள்ளைக்குக் கொலைகாரன் என்று பெயர் வைக்கச் சம்மதித்துவிட்டார்.  இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

செல்லமுத்துவின் பிரஜாவுரிமை மனு இன்னும் முடிவாகாமல் கிடந்தது. "இந்த நாட்டுக்காரன் என்று நிரூபணம் இல்லாத ஆள், வெளியே விட்டால் ஓடிவிடுவான்" என்று சொல்லித் துரைமார் பக்கத்து லோயர் பிணைக்குத் தடை சொன்னார். பிணை கிடைக்கவில்லை. அவர் மறியல் சிறையில் இருக்கும்போது பல்கலைக்கழகத்தில் செய்முறைப் பரீட்சை நடந்து முடிந்தது. அவருடைய இடம் காலியாக இருந்தது. குற்றம் ருசுவானால் படிப்பு மட்டுமல்ல, ஆளையே கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் பிறந்தது உடப்புசல்லாவையில். எந்த நாட்டுக்கு ஏற்றுவார்களாம்?

வழக்கை நிமாலின் அப்பா எடுத்துக்கொண்டார். கண்டியிலிருந்து தன் காரில் வந்து, என்னிடம் ஒரு மணிநேரம் விஷயம் கேட்டார். "சாட்சி சொன்னால் உன் வேலை போகலாம், மகளே. யோசித்துக்கொள்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கடையில் விளக்கு துடைத்துக்கொண்டே, "வேலை போனா கடைக்கு வந்துடு. பொய் சொல்லிட்டு மட்டும் வராத" என்றார்.

கோர்ட்டு வாசலில் ஒரு அம்மா, கொழுந்துக்குப் போகிற அதே சேலைக்கட்டோடு குந்தியிருந்தாள். யாரும் சொல்லாமலே செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள தட்டான் புடிக்கத்தானே தாயி போனான்? அதுக்கு ஏன் இத்தன பேரு?"

நான் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பின்னால் நின்ற சனத்தோடு நிறுத்தினேன்.

நான் கூண்டில் ஏறியதும் நீதவான், இங்கிலீசிலேயே பேசலாமே என்றார். எனக்கு இங்கிலீஷ் வரும். ஆனால் அந்த அம்மா பின்னால் நிற்கிறாள். தமிழில்தான் சொல்வேன் என்றேன். மொழிபெயர்ப்பவர் எழுந்து வந்தார்.

போத்தல் மேசை மேல் இருந்தது. கோர்ட்டு உத்தியோகத்தர் ஒருவர் அதை நீதவானிடம் கொடுக்க எடுத்தவர், உள்ளே என்ன என்று பார்க்கத் தக்கையில் கையை வைத்தார்.

"திறக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். சிலர் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. இப்படியொரு சாமானை மாணவர்கள் கையில் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாந்துக்கு அடியில் விஷம் இறுகிக் கிடக்கிறது, உடைத்தால் ஒழிய எடுக்க முடியாது. மேலே இருப்பது அவர் பிடித்த பூச்சி. கண்ணாடி வழியாகவே தெரியும். பாருங்கள், வலையால் பிடித்தது, இறக்கை கிழியவில்லை.

"இந்தப் பூச்சி உங்கள் வளாகத்தில் இல்லையா? ஏன் தோட்டத்துத் தொட்டிக்குப் போக வேண்டும்?"

"எங்க ஓடையில பெண்தாங்க கெடைக்கும். ஆண் வேணும்னு போகச் சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"டாக்டர் கதிரவேல். நான் பக்கத்துல நின்னேன். தொட்டியடிக்குப் போகச் சொன்னாரு. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. நீதவான் பேனாவை வைத்துவிட்டு, அந்த டாக்டர் ஏன் இன்னும் இங்கே வரவில்லை என்று கேட்டார். அடுத்த தவணைக்கு அவருக்குக் கட்டளை போயிற்று.

அன்று டாக்டர் கோட்டு சூட்டோடு வந்தார். நிமாலின் அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். இந்த மாணவனை அந்தத் தொட்டிக்கு அனுப்பினீர்களா? டாக்டர் கூண்டின் கட்டையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"ஒருவேளை சொல்லியிருப்பன். சரியா ஞாபகம் இல்லை."

ஒருவேளை!

நான் எழுந்துவிட்டேன், பக்கத்தில் இருந்த நிமால் பிடித்து உட்கார வைத்தார். பார்த்ததை ஒருவேளை என்று சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த வாய். அந்த ஒரு சொல்லுக்குள் அவர் பெரியதுரையையும் கைவிடவில்லை, கோர்ட்டுக்கும் பொய் சொல்லவில்லை. செல்லமுத்துவை விடுதலை செய்ய நீதவானுக்கு அந்த அரைப் பதிலே போதுமாக இருந்தது. பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சின்னதுரையைப் பற்றியும் கடுமையாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வழக்கைத் தள்ளினார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா மகனை விடவே இல்லை. முதுகைத் தடவித் தடவி ஏதோ சொல்லி அழுதாள். நாங்கள் எல்லாம் சுற்றி நின்றோம். அப்போது டாக்டர் படியிறங்கி எங்களிடம் வந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல்லாவது சொல்லப் போகிறார் என்று நான் நம்பினேன். அவ்வளவு பைத்தியக்காரி.

"செல்லமுத்து, போத்தலைத் திருப்பித் தந்தவங்களோ? அது ஆண்தானே?"

நிமால் கையை ஓங்கிவிட்டார். அவருடைய அப்பா நடுவில் வந்தார். செல்லமுத்து மட்டும் அமைதியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித முக்கோணத்தை எடுத்தார். நாங்கள் வெளியே வருவதற்கு முன்பே போத்தலைத் திரும்ப வாங்கி, கோர்ட்டு முற்றத்து வெளிக்காற்றில் வைத்துத் திறந்து, பூச்சியை ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் தெரியாமல்.

"ஆண்தாங்க சார். கலர் போயிருச்சு. வால் நுனி நல்லா இருக்கு."

டாக்டர் வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, டயரிக்குள் வைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

"ஏன் குடுத்தீங்க? நசுக்கிப் போட்டிருக்கணும்!" என்று நான் கத்தினேன்.

"பூச்சி என்னங்க மிஸ் பண்ணுச்சு?" என்றார் செல்லமுத்து.

அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர் அடுத்த வருஷம் பரீட்சை எழுதித் தேறினார். பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாயிற்று. அது இல்லாமல் அரசாங்க உத்தியோகம் கிடையாது. சில வருஷம் ஹட்டனில் ஒரு டியூட்டரியில் படிப்பித்தார். பிறகு அறுபதுகளின் நடுவில், எத்தனை பேரை எந்த நாடு எடுப்பது என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த சமயத்தில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தியா போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊசித்தும்பியின் பெயர் டாக்டரின் கட்டுரையில் வந்தது. எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் இருந்தது. யார் பிடித்தது என்பது இல்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. வழக்கு முடிந்த அடுத்த லீவுக்கு நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். பெயர் வைக்கிற விழாவில் யாராவது இதை வாசித்தால் நல்லது.

குத்தகை நீட்டிக்கப்பட்டிருந்தது. புது மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகனும் இருந்தான், பெரியசாமி என்று பெயர், ஒல்லியான பையன். முதல் நாள் காலை நான் அலுமாரியைத் திறக்கப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமேல் ஒரு ஒழுங்கு வைப்பம், கோமதி. தோட்டத்துப் பிள்ளையளிட்டை போத்தல் குடுக்க வேண்டாம். அவை வலையோட மட்டும் போகட்டும். மற்றவையின்ரை போத்தலில போடலாம். பெரியதுரையும் அதைத்தான் விரும்புறார். இதை எழுதத் தேவையில்லை, நீர் பாத்துச் செய்யும்."

அவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதரால் இப்படிச் சொல்ல முடியுமா? கோர்ட்டு விடுதலை செய்த குற்றத்தை இவர் இப்போது ஒரு ஜனத்துக்கே சட்டமாக்குகிறார். அதுவும் எழுதாமல், என் கையால்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டரும் பின்னால் வந்து நின்றார். நான் அலுமாரிச் சாவியை மேசை மேல் வைத்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. தோட்டத்துல பொறந்த பிள்ளைக்குப் போத்தல் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. என்னால அந்த வேலை செய்ய முடியாது. எல்லாருக்கும் உண்டு, இல்லாட்டி ஒருத்தருக்கும் இல்ல. வேணும்னா சார் தன் கையாலயே பிரிச்சுக் குடுக்கட்டும். இதோ சாவி."

 டாக்டரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். இதை வாய்விட்டுச் சொல்வேன் என்று அவர் நினைத்திருக்கவில்லை. சாவியை எடுக்கக் கை வரவில்லை அவருக்கு. பெரியசாமி தலையைக் குனிந்து தன் வலையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பிள்ளை தன் வலையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தன். பிறகு மற்றவர்கள்.

"குடும்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். "எல்லாருக்கும் குடும்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதமே எனக்கு மாற்றல் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகத்தில் கண்ணாடிச் சாமான் களஞ்சியம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன், பிறகு நுணுக்குக்காட்டியில் ஒரு இறக்கையைக்கூட நான் பார்த்ததில்லை. அது எனக்குக் கொடுத்த தண்டனை. அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆனால் அன்று காலையில் அலுமாரியைத் திறந்து, முதல் போத்தலைப் பெரியசாமியின் கையில்தான் கொடுத்தேன். தக்கையைத் திறந்து மூக்கை வைக்காதே என்று சொன்னேன்.

"சரிங்க மிஸ்" என்று வாங்கிக்கொண்டு அவன் குளத்துப் பக்கம் இறங்கிப் போனான்.